நானாவின் வதிவிடம்

எங்கள் பிரதேச செயலகத்தில் கியூவில் யாரும் நிற்பதில்லை. சுவர் ஓரமாகக் கதிரைகள் போட்டிருக்கிறார்கள். முன்னால் இருப்பவர் எழுந்து கருமபீடத்துக்குப் போனால் எல்லாரும் ஒரு கதிரை நகர வேண்டும். ஒவ்வொரு தடவையும் இன்னொருவரின் சூடு ஆறாத பிளாஸ்டிக்கில் போய் உட்காருவோம். நிஷா மதினி குழந்தையோடு நகர்வார். நான் பையையும் கடதாசிக் கோப்பையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்வேன்.

நிஷா மதினி என் நானா, மூத்த சகோதரன் றாஸிக்கின் மனைவி. முழுப் பெயர் பரக்கத் நிஷா. இந்தியாவில் பரமக்குடி ஊர். கத்தாரில் நானா பஸ் ஓட்டிய கம்பனியின் சாப்பாட்டுக் கூடத்தில் மதினி வேலை செய்தார். நிக்காஹ் பரமக்குடியில் நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை, வீடியோவில் பார்த்தோம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நானா அவரை இங்கே கூட்டி வந்தார். றிஸ்லா இங்கேதான் பிறந்தாள். லீவு முடிந்ததும் நானா திரும்பிப் போய்விட்டார். இப்போது மதினியின் விசா இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதை நீட்டித் தருவதற்குக் கொழும்பில் ஒரு கடிதம் கேட்கிறார்கள். புருசன் இந்த இடத்தில் வசிப்பவர், இவர் அவரோடு வசிப்பவர் என்று கிராம சேவகர் எழுதி, பிரதேச செயலாளர் ஒப்பமிட்ட கடிதம். அதற்குத்தான் நாங்கள் காலையில் வந்திருந்தோம்.

குழந்தை சிணுங்கியது. மதினி குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். பக்கத்துக் கதிரையில் முதியோர் கொடுப்பனவுக்காகக் காத்திருந்த முகம்மது தம்பி காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"மகள் இந்தியாவா?"

"ஓம்," என்றார் மதினி. 'ஆமா' என்று சொன்னால் கடையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதால் அந்த ஒரு சொல்லை அவர் வந்த முதல் கிழமையே மாற்றிக்கொண்டிருந்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"புள்ளையோட கதைச்சதக் கேட்ட. அங்க கந்தோர் எல்லாம் எப்பிடி, இதுதானா?"

"அங்க நின்னுக்கிட்டே இருக்கணும் காக்கா. இங்க சேர் போட்டிருக்காங்க."

"கேட்டீங்களா?" காக்கா வரிசை முழுவதற்கும் சொன்னார். "நம்மட நாடு முன்னேறித்து!"

எல்லாரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். நான் கோப்பை மடியில் இறுக்கிக்கொண்டு குனிந்திருந்தேன். எனக்கு அந்த மாதிரி இடங்களில் குரல் வராது. பள்ளிக்கூடத்திலும் வராது. ஓ.எல். பரீட்சை எழுதாமல் நான் நின்றுவிட்டதற்கு வீட்டில் வேறு காரணம் சொல்வார்கள், ஆனால் உண்மையில் அதுதான் காரணம்.

எங்கள் முறை வந்தது. கருமபீடத்தில் இருந்தவர் சுஜித்தா மிஸ். நல்ல மாதிரி. குழந்தையைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டுத்தான் கோப்பை எடுத்தார். அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினார், பிறகு எழுந்து போய் பெரிய வாக்காளர் இடாப்பை எடுத்து வந்து விரலால் தேடினார்.

"அக்கா, உங்கட கணவர்ட பெயர் இதில இல்லையே."

"இருக்கணுமே மிஸ். அவர் இந்த ஊர்க்காரர்."

"முந்தி இருந்திருக்கு. பிறகு வெட்டியிருக்கு." மிஸ் ஓரத்தில் இருந்த சிறிய எழுத்தை வாசித்தார். "திருமணமாகி மனைவியின் இல்லம் சென்றுள்ளார். அப்ப அவர்ட பெயர் மனைவி வீட்டுப் பிரிவிலதான் இருக்கும். மனைவிட வீடு எங்க?"

"மனைவி நான்தான் மிஸ்."

"அது விளங்குது. வீடு எங்க? சாய்ந்தமருதா, மருதமுனையா?"

"பரமக்குடி," என்றார் மதினி. மிஸ் இன்னும் பேனாவைப் பிடித்தபடி இருப்பதைப் பார்த்து, "இராமநாதபுரம் மாவட்டம்," என்றும் சொன்னார்.

முகம்மது தம்பி காக்காதான் முதலில் சிரித்தார். பிறகு அந்தப் பக்கத்துக் கதிரைகள் எல்லாம் சிரித்தன. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். மதினிக்கு என்ன சிரிப்பு என்று விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு விளங்கியது. அதனால்தான் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் கிழக்குக் கரையில் கல்யாணம் முடித்த பெண் எங்கும் போவதில்லை. வீடு அவளுடையது. மாப்பிள்ளைதான் உடுப்புப் பையோடு அவள் வீட்டுக்குப் போவான். மகன் கல்யாணம் முடித்தால், அடுத்த தடவை வாக்காளர் படிவத்தோடு வருகிற கிராம சேவகரிடம், எங்கள் பேச்சில் ஜீ.எஸ்.ஸிடம், தாய் சொல்லி அவன் பேரை வெட்டுவிப்பாள். பெண் வீட்டில் மாமியார் சொல்லிப் போடுவிப்பாள். மறந்துபோய் இரண்டு இடத்திலும் பேர் இருந்தால் அது வெட்கம், மகன் தாய் வீட்டில்தான் இன்னும் தின்கிறான் என்று அர்த்தம். உம்மா நானாவின் நிக்காஹ் வீடியோவைப் பார்த்துச் சந்தோசப்பட்டு, அந்த வருடப் படிவம் வந்தபோது வழமைபோல் அவர் பேரை வெட்டச் சொல்லியிருக்கிறார். பரமக்குடியில் யாரும் போடவில்லை. நானா இரண்டு வருடமாக எந்த வீட்டிலும் இல்லை.

"இப்ப என்ன மிஸ் செய்றது?" மதினி கேட்டார்.

"ஜீ.எஸ்.ஸப் போய்ப் பாருங்க. அவர் சேர்த்துத் தந்தா நான் உடனே அனுப்புறன். கவலைப்படாதிங்க அக்கா."

வெளியே வந்ததும் மதினி மரத்தடியில் நின்று றிஸ்லாவின் தலையைத் துணியால் மூடினார். "றுமானா, இந்தக் கடிதம் கிடைக்கலேன்னா நான் போகணும். இவளுக்குப் பாஸ்போர்ட் இல்ல. பாஸ்போர்ட்டுக்கு உங்க நானாவும் நானும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போடணும். அவருக்கு லீவு அடுத்த வருஷம்தான்." அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, கணக்குச் சரிபார்ப்பதுபோல் தனக்கே சொன்னார்.

ஜீ.எஸ். அபூசாலியின் அறை பல்தேவைக் கட்டடத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. பேரை வெட்டியது அவர்தான். அதை மறைக்கவும் இல்லை.

"ஒங்கட மாமிதான் செல்லின. 'மகன் கலியாணம் முடிச்சித்தான், வெட்டுங்க' எண்டு. நான் வெட்டின. வருசா வருசம் மாப்புளமார்ர பேர வெட்டுறதுதான் எனக்கு வேல. அங்க இரிக்கிற ஜீ.எஸ். போட்டுக்குவார். பரமக்குடியில ஜீ.எஸ். இரிக்காரா?"

"வி.ஏ.ஓ. இருக்கார் சார்."

"அவர் போடல்லியா?"

"எங்க ஊர்ல பொண்ணுதான் சார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவா. நான் போயிட்டேன்னு எங்க ரேஷன் கார்டுல என் பேரையும் எடுத்துட்டாங்க."

அபூசாலி சேர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். "அங்கயும் வெட்டித்தாங்க. இங்கயும் வெட்டித்தம். சரியாப் போச்சி." மேசையில் இருந்த முத்திரையை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். "ஒரு வழி இரிக்கி. இந்த ரெண்டு பேரும் என்ட ஊட்டுலதான் குடியிரிக்காங்க எண்டு ஊட்டுச் சொந்தக்காரர் எழுதி ஒப்பம் வெச்சித் தரணும். நான் விசாரணை ஒண்டு போட்டு ரெண்டு பேரையும் சேத்துடுறன். மாதம் முடியிறத்துக்குள்ள கடிதம் தரலாம். ஊடு ஆருட பேர்ல?"

மதினி என்னைப் பார்த்தார். குரல் வரவில்லை. நான் கையை உயர்த்தினேன்.

"இது என்ன மகள், பள்ளிக்கூடமா?" அபூசாலி சேர் சிரித்தார். "நீங்களா சொந்தக்காரி? அப்ப லேசி. உறுதி இரிக்கா?"

மதினியின் கோப்பில் எல்லாம் இருந்தது. கேட்காததையும் கொண்டு போக வேண்டும் என்று அவர் கத்தார் கந்தோர்களில் படித்திருந்தார். வீட்டுப் பத்திரமான உறுதியின் கொப்பியை எடுத்துக் கொடுத்தார். ஜீ.எஸ். ஒரு தாளில் வசனத்தைச் சொல்லச் சொல்ல மதினி எழுதினார். நான் கீழே ஒப்பமிட்டேன். என் பெயரை ஓர் அரசாங்கத் தாளில் அதுதான் முதல் தடவை எழுதினேன் என்று நினைக்கிறேன். எழுத்து சரிந்துபோனது.

அவர் அதை எடுத்து உறுதியோடு வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல உம்மாவுக்குச் சீவிய உருத்து வெச்சிரிக்கே மகள். அவ உசிரோட இரிக்கும் வரைக்கும் ஊட்டுல அவட பேச்சுத்தான். ஒங்கட ஒப்பம் மட்டும் காணா. உம்மாட ஒப்பத்தையும் வாங்கித்து வாங்க. பெரிய வேல இல்லயே, உம்மாதானே?"

மதினி ஆட்டோவில் சந்தோசமாகத்தான் வந்தார். "மாமி போட்டுடுவாங்க," என்றார். நான் என் ஒப்பத்தை விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உம்மா பின் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வாப்பா மவுத்தான பிறகு, உம்மா குவைத்துக்குப் போய் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்து இந்த வீட்டைக் கட்டினார். அத்திவாரம் ஒரு பயணம், கூரை ஒரு பயணம், ஓடு பதித்த தரை கடைசிப் பயணம். அதுவரை நானும் நானாவும் எங்கள் சின்னம்மா, சாச்சி வீட்டில் வளர்ந்தோம். வீடு முடிந்ததும் நொத்தாரிசு வைத்து அதை என் பேரில் எழுதினார். பெண்பிள்ளைக்கு வீடு இல்லாவிட்டால் எங்கள் ஊரில் வாசலில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள். இப்போது மருதமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள். அவர்கள் என் படிப்பைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கவில்லை. ஊட்டுல வேற ஆருக்கும் பங்கு இல்லையே என்று மட்டும்தான் கேட்டார்கள்.

மதினி தாளை நீட்டி விசயத்தைச் சொன்னார். உம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டார். கத்தி ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் ஒன்ன எண்டைக்காவது ஒரு சொல்லுச் செல்லியிரிக்கனா?" என்றார் கடைசியில்.

"இல்ல மாமி."

"தின்னு, குடி, இரி. எவ்வளவு காலமெண்டாலும் இரி. ஆனா இந்த ஊட்டுல பேர் போடுற வேல மட்டும் வேணாம்."

"பேர் போட்டாத்தான் மாமி இருக்க விடுவாங்க."

"மருதமுனையாக்கள் ஜீ.எஸ்.ட கேக்காம இரிப்பாங்களா? அந்த ஊட்டுல ரெண்டு குடும்பம் இரிக்கி எண்டு அவர் செல்லுவார். ஆரு பொறகு வருவா? இவளப் பாரு, வாயும் இல்ல, படிப்பும் இல்ல. இந்த ஊடுதான் இவளுக்கு இரிக்கி."

"எனக்கு இந்த வீட்ல ஒரு கல்லுகூட வேணாம் மாமி. எழுதியே தர்றேன்."

"ஒனக்கு வேணாம். ஒன்ட மகளுக்கு?" உம்மா கத்தியை வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்தார். "நீயும் பொட்டப்புள்ளதான் பெத்திரிக்காய். அவட வாப்பாட பேர் இந்த ஊட்டுல இரிந்தா நாளைக்கு அவ எங்க வந்து நிப்பா? இங்கதான் வந்து நிப்பா."

"அவளுக்கு நாலு மாசம்தான் மாமி ஆகுது."

"றுமானாவும் நாலு மாசமாத்தான் இரிந்த."

மதினி தரையில் உட்கார்ந்துவிட்டார். மீன் செதில் ஒட்டிய தரை அது. "நான் போனா இவளை எப்படி மாமி கொண்டு போவேன்? ஏர்போர்ட்ல விடமாட்டாங்க."

"உட்டுட்டுப் போ. நாங்க இல்லியா? நான் இவள நாலு வயசுல உட்டுட்டுப் போகல்லியா? செத்தா போனா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பானையடியில் நின்ற பூனையைப் பார்த்தேன்.

"நாலு வயசுப் பிள்ளை பால் குடிக்காது மாமி," என்றார் மதினி மெதுவாக.

உம்மா மீனைத் திரும்பவும் எடுத்து, ஏற்கெனவே கழுவியதை மறுபடி கழுவினார்.

அந்தத் தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அஸர் தொழுகைக்கு உம்மா பாயை விரிக்கும் இடத்தில், பேனாவோடு சேர்த்து அதை வைத்தேன். வாயால் கேட்க முடியாததற்கு எனக்குத் தெரிந்த வழி அதுதான். உம்மா தொழுது முடித்த பிறகு போய்ப் பார்த்தேன். தாள் என் தலையணைமேல் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. விரித்தேன். என் சரிந்த ஒப்பம் மட்டும் இருந்தது. பேனாவை உம்மா திருப்பித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை நானாவுக்கு லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்து கூப்பிட்டார். மதினி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"என்ட பேர ஆரக் கேட்டு வெட்டின உம்மா?"

"ஆரக் கேக்கிற? ஒன்ட வாப்பாட பேரயும் அவர்ட உம்மா வெட்டினவதான். அப்பிடித்தான் அவர் என்ட உம்மாட ஊட்ட வந்த. நீ ஒன்ட பொஞ்சாதிட ஊட்ட போகல்ல எண்டா அது என்ட குத்தமா?"

"அவக்கிட்ட ஊடு இல்ல உம்மா! அது வேற ஊரு, வேற வழம!"

"அப்ப ஊடு இரிக்கிற இடத்துல எடுத்திரிக்கணும்."

பிறகு நானாவின் குரல் தணிந்து வந்தது. "ஒரு ஒப்பம்தானே உம்மா."

"ஒப்பம்தான். நீ வந்து என்ட முன்னுக்கு நிண்டு கேளு. லீவு போட்டுட்டு வா. வந்து ரெண்டு பேருமாப் புள்ளைக்குப் பாஸ்போட் எடுங்க."

"இப்ப வந்தா வேல போயிரும்."

"அப்ப நான் செய்ற ஒண்டுமில்ல மகன்."

மதினி ஃபோனை எடுத்து ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் றிஸ்லாவை வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். மதினியின் பக்கம் மட்டும் கேட்டது. "ம்... ம்... தெரியும்... ம்." பிறகு, "நீங்களும் அதையேதான் சொல்றீங்க," என்றார். கேள்விபோல் சொல்லவில்லை.

திரும்பி வந்து குழந்தையை வாங்கினார். "ஊருக்குப் போயி, அங்கேருந்து புதுசா விசா எடுத்துட்டு வரச் சொல்றார். பாப்பா மாமிகிட்ட இருக்கட்டுமாம்."

"புது விசாவுக்கு அந்தக் கடிதம் கேக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். மதினியோடு தனியாக இருக்கும்போது எனக்குக் குரல் வரும்.

"கேப்பாங்க."

"போகாம இரிந்தா என்ன செய்வாங்க? இந்த ஊருல ஆரு வந்து பாக்கிற?"

"பாத்திமா கடைக்காரர்லேருந்து ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் என்னைத் தெரியும் றுமானா. பிடிச்சு அனுப்பினா திரும்ப வரவே விடமாட்டாங்களாம், அந்த மிஸ்கிட்ட கேட்டேன். இப்பவே போனா என்னைக்காவது வரலாம். அவ நடக்கிறதுக்குள்ளயாவது."

மிச்சமிருந்த நாட்களில் மதினி குழந்தையைப் போத்தலுக்குப் பழக்கினார். பழக்குவது என்றால், பால்மாவைக் கரைத்து என்னிடம் தந்துவிட்டு அவர் வெளியே போய் நிற்க வேண்டும், ஏனென்றால் தாயின் மணம் பக்கத்தில் இருந்தால் அவள் போத்தலைத் தொடமாட்டாள். றிஸ்லா ரப்பரை நாக்கால் தள்ளினாள், முகத்தைத் திருப்பினாள், நீலம் பாயும்வரை அழுதாள். மதினி மதிலோரம் நின்று காதைப் பொத்திக்கொள்வதை ஜன்னலால் பார்த்தேன். உம்மாவும் முயன்றார். சீனி போட்டுப் பார்த்தார். கரண்டியால் கொடுத்துப் பார்த்தார். ஒருநாள் அவள் கொஞ்சம் குடித்தாள். உம்மா, "பாத்தியா, பாத்தியா," என்று சத்தமாகச் சொன்னார். அவருடைய முகத்தில் அவ்வளவு பயம் இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

போகிற காலையில் மதினி குழந்தைக்குக் கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்தார். ஆட்டோ ஹோர்ன் அடித்தது. இன்னும் கொடுத்தார். அவள் குடித்தபடியே தூங்கிப்போனாள். அவளை என் கையில் தந்துவிட்டு, தான் உடுத்தியிருந்த கவுனை மாற்றி, துவைக்காமல் அதைக் குழந்தையின் தொட்டிலில் விரித்தார். உம்மா இடியப்பமும் மீன் பொரியலும் பார்சல் கட்டிக் கொண்டுவந்தார். மதினி உம்மாவுக்கு ஸலாம் கொடுத்துக் கையைப் பிடித்தார்.

"மாமி, காய்ச்சல் வந்தா எனக்குச் சொல்லணும். மறைக்கக் கூடாது."

"ஓம் மகள். அல்லாஹ்ட காவல்."

உம்மா ஆட்டோக்காரனிடம், பஸ் போனாலும் பரவாயில்லை, மெதுவாகப் போ என்றார். இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த கிழமை மருதமுனையிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். உம்மா காலையிலேயே வீட்டைக் கழுவினார். தொட்டிலைக் கழற்றிப் பின்னறையில் வைத்தார். "சாச்சி வருவா. புள்ளயக் குடு. அவங்க போன பொறகு தூக்கித்து வருவா," என்றார். ஒழுங்கைக் கோடியில்தான் சாச்சி வீடு.

சாச்சி வந்து கையை நீட்டினார். றிஸ்லா அன்று காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. அவளுக்கு இப்போது என் தோளில் மட்டும்தான் அழுகை நிற்கும். சாச்சி தூக்கியதும் உடம்பை வில்போல் வளைத்துக் கத்தினாள். நான் அவளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"குடுடி," என்றார் உம்மா.

நான் கொடுக்கவில்லை. ஹோலுக்குப் போய், வருபவர்கள் உட்காரும் கதிரைக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"என்ன செய்யிறாய்? றுமானா! ஒனக்கு விசரா?"

வாசலில் வேன் வந்து நின்றது. உம்மா தலையை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மாப்பிள்ளையின் தாய் பஹ்மிதாவும் அவருடைய மகளும் வந்தார்கள். ஸலாம் சொன்னார்கள், சுற்றிப் பார்த்தார்கள், தரை ஓடு நல்லா இருக்கிறது என்றார்கள். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பைகள் தட்டில் அடித்துக்கொண்டன. கொஞ்ச நேரம் யாரும் குழந்தையைக் கேட்கவில்லை. குழந்தை என் தாவணியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

"இது ஆருட புள்ள?" என்றார் பஹ்மிதா, சிரித்துக்கொண்டே.

"மகன்ட," உம்மா அவசரமாகச் சொன்னார். "ரெண்டு நாளைக்கு எங்களுக்கிட்ட—"

"ரெண்டு நாளைக்கு இல்ல," என்றேன். என் குரல் அந்த ஹோலுக்குத் தேவையானதைவிடப் பெரிதாக வந்தது. "இந்த ஊட்டுப் புள்ள. இங்கதான் இரிக்கும்."

"தாய்?"

"இந்தியா. இரிக்க உடாம நாங்கதான் அனுப்பின."

மகள் தாயைப் பார்த்தாள். பஹ்மிதா கெட்ட மனுசி இல்லை. குழந்தையின் காலைத் தொட்டு, "மாஷா அல்லாஹ்," என்றார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார். காலநிலையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு, இன்ஷா அல்லாஹ் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். வேன் திரும்பிப் போனது.

உம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அவர்கள் வைத்துவிட்டுப் போன கோப்பைகளைப் பார்த்தபடி நின்றார்.

"ஒன்பது வருசம்டி," என்றார். "அரபிட கக்கூசு கழுவி. ஆருக்கெண்டு நெனச்சாய்?"

எனக்குத் திரும்பவும் குரல் போய்விட்டது. அவர் எனக்காகத்தான் கழுவினார்.

ஃபோன் அடித்தது. மதினி. வீடியோவில் அவருக்குப் பின்னால் பச்சைச் சுவரும் ஒரு கலண்டரும் தெரிந்தன. அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருப்பதாகச் சொன்னார். கொழும்பில் கேட்ட அதே கடிதத்தைத்தான் சென்னையிலும் கேட்கிறார்களாம். "குடிச்சாளா?" என்றார். நான் ஃபோனைக் குழந்தைக்கு நேரே பிடித்தேன்.

"றிஸ்லாம்மா," என்றார் மதினி. "தங்கம். அம்மாடி."

றிஸ்லா ஃபோனைப் பார்க்கவில்லை. குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பி, என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துத் தேடத் தொடங்கினாள். வாயைத் திறந்து, அங்கும் இங்கும், சட்டைக்கு மேலால். என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.

திரையில் மதினி சட்டென்று கீழே குனிந்து பார்த்தார். அவருடைய சட்டையின் முன்பக்கத்தில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. கையால் அதை மறைத்துக்கொண்டு ஃபோனைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பிறகு கலண்டர் மட்டும்தான் தெரிந்தது.

உம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். குசினிக்குள் போனார். பால்மா டின் திறக்கும் சத்தமும் கரண்டி போத்தலில் படும் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் போத்தலோடு வந்து, குழந்தையை என்னிடமிருந்து வாங்காமல், கீழே என் கால்மாட்டில் உட்கார்ந்து, அதை அவள் வாயருகே பிடித்தார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உம்மா போத்தலை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.